தொட்டியில் அடங்கிய நுரை

"என் தம்பி அஜாக்கிரதையா இருந்து செத்தான்னு எழுதி வெச்சுக்கிட்டுக் கையெழுத்துக் கேக்கறாங்க. நான் போடமாட்டேன்" என்றாள் வந்தவள். தையல்காரி. அழுது வீங்கிய கண்கள். குரலில் மட்டும் தழுதழுப்பே இல்லை.

தம்பி ஈயத்தாது ஆலையில் நுரைத் தொட்டியைக் கவனித்தவன். ஐந்து நாளுக்கு முன் அதிலேயே விழுந்து இறந்துபோனான். இயந்திரம் நின்றிருந்தபோது, யாரும் சொல்லாமல் தானாகவே கழுவ ஏறி வழுக்கி விழுந்தான் என்று ஆலை மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

அவள் தேடி வந்த துப்பறிபவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே அழைப்பார்கள். "அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இருக்காம்மா?" என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துவைக்க மனம் வரவில்லையாம். காலரிலும் தோளிலும் கரிய தூள் அப்பி, வெள்ளிபோல் மினுங்கியது. உதவியாளரான போட்டோக்காரி அதை நான்கு கோணத்தில் படமெடுத்தாள்.

மூவரும் ஆலைக்குப் போனார்கள். அரைத்த தாதும் நீரும் எண்ணெயும் கலந்த தொட்டிக்குள் காற்று சீறியது. ஈயத்தூள் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து கறுப்பு நுரையாய்ப் பொங்கியது. வெறும் கல்தூள் அடியில் தங்கியது.

"அன்னைக்குப் பத்து மணிக்கே நிறுத்திட்டோம் சார்" என்றார் மேற்பார்வையாளர். "பதினோரு மணிக்கு விழுந்திருக்கான். உடனே ஓடினோம். நுரையை வழிச்சுத் தள்ளித்தான் ஆளையே கண்டுபிடிச்சோம்."

"அப்படியா? இப்பக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்களேன்."

காற்று நின்றது. குமிழ்கள் ஒவ்வொன்றாய் உடைந்தன. அரைமணி நேரத்தில் மினுக்கமெல்லாம் அடிக்குப் போய்விட, மேலே கலங்கல் தண்ணீர்தான் மிஞ்சியது.

"காத்து நின்னா நுரை அடங்கிடுது. நுரை அடங்கினா ஈயமும் கீழ போயிடுது" என்றார் கண்ணாடிக்காரர். "ஒரு மணி நேரம் கழிச்சு எந்த நுரையை வழிச்சீங்க? அடியில முங்கி ஒட்டியிருந்தா கல்தூளும் கலந்திருக்குமே, அந்தச் சட்டை காலர்ல ஈயம் மட்டும் எப்படி ஒட்டிச்சு?"

"ஓடிட்டிருக்கும்போதே ஏத்திவிட்டிருக்கீங்க!" போட்டோக்காரி பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

மேற்பார்வையாளர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். "நுரை வழியற வாய்க்கால் அடைச்சுக்கிச்சு. நிறுத்தினா மறுபடி நுரை கட்டறதுக்குள்ள அரைநாள் போயிடும். குத்திவிட்டுட்டு வாடான்னேன்... நிறுத்திட்டு ஏறட்டுமான்னு கேட்டான். ரெண்டு தடவை கேட்டான்."

தம்பி மேல் பழியில்லை என்று தெரிந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள்.

"அப்போ பயந்துக்கிட்டேதான் ஏறியிருக்கான்" என்றாள் மெதுவாக. போட்டோக்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் ஒரு வெள்ளைத்தாளை மேற்பார்வையாளர் முன் வைத்தார்.

"எழுதுங்க. அந்த ரெண்டு தடவையையும் விட்டுடாதீங்க."