மூலை சீட்டுக் கண்ணாடி

அவளைப் பழைய கட்டடத்தின் மாடிக்கு மாற்றினார்கள். போனால் போகிறது, மூலை சீட்டாவது கிடைத்ததே என்றுதான் சிடுமூஞ்சி நினைத்தாள். அது ஆபீசே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்கிற வேலை. மூஞ்சி வேறு எப்படி இருக்கும்?

கம்பெனிக்கு அது புரிந்தால்தானே! முகம் சிரித்தால் குரலும் சிரிக்குமாம். அதற்காக ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒரு கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பேச வேண்டும். குரலில் எவ்வளவு சிரிப்பு என்று தினமும் மார்க் வேறு, ஸ்மைல் ஸ்கோர் என்று.

மூலையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. எங்கிருந்தோ பெப்பர்மிண்ட் வாசனை வந்துகொண்டே இருந்தது.

"யாருக்கா இங்க மிட்டாய் சாப்பிடறது?" என்று பக்கத்து சீட் அக்காவிடம் கேட்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு முன்னாடி இங்க ஒருத்தி இருந்தா. தொண்டை கட்டக்கூடாதுன்னு எப்பவும் வாயில ஒண்ணு போட்டுக்குவா. ஒரு நாள் உக்காந்தபடியே உயிர் போயிடுச்சு. ரொம்ப நேரம் யாருக்குமே தெரியல."

"பக்கத்துலயே இருந்தும் எப்படிக்கா தெரியாம போச்சு?"

"சிரிச்சுக்கிட்டே இருந்தாடி."

சிடுமூஞ்சிக்குப் பயப்படக்கூட நேரமில்லை. ஊரில் அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன். காலையில்தான் அண்ணி போனில் அழுதிருந்தாள். "உன் பேரையே சொல்லிட்டிருக்காரு. சீக்கிரம் வந்துடுடி."

சொல்லாமல் கிளம்பினால் வேலை போய்விடும். அண்ணன் படுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அந்த வேலைதான் சோறு போட்டது. டீம் லீடரிடம் ஓடினாள்.

"உன் ஸ்மைல் ஸ்கோர் அதலபாதாளத்துல இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள ஏத்திக் காட்டு, லீவு எடுத்துக்கோ. மனுஷனுக்கு ஒரு மோட்டிவேஷன் வேணும்ல?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தபடி வந்து உட்கார்ந்தாள். ஹெட்செட்டில் யாரோ ஒருவர் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். கண்ணாடியைப் பார்த்து உதட்டை இழுத்தாள். அழுகைதான் முட்டியது.

"சனியனே, நீயே சிரிச்சுத் தொலை. நீயே பேசு," என்று கண்ணாடியிடம் முணுமுணுத்தாள்.

கண்ணாடி சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

பெப்பர்மிண்ட் வாசனை மூக்கை அடைத்தது. ஹெட்செட்டுக்கு வெளியே, பிடரிக்குப் பக்கத்தில், ஒரு கிசுகிசுப்பு.

"சரி. நான் பாத்துக்கறேன்."

எழுந்து ஓடப் பார்த்தாள். கால் அசையவில்லை. அவள் வாய் தானாகத் திறந்தது. அவளுடையதல்லாத ஒரு குரல், தேனாக இழைந்து வந்தது.

"வணக்கம்! நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

திட்டியவர் அடங்கிப் போனார். அவருக்கு அடுத்தவரும் அடங்கினார். சாயங்காலம் டீம் லீடர் எல்லோரையும் கூப்பிட்டு அவளுக்குக் கைதட்ட வைத்தார். லீவும் கிடைத்தது.

ராத்திரி முழுக்க, பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை கன்னம் வலித்தது. உதட்டைக் கையால் இழுத்து மூடினாலும் திரும்ப விரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரி நடையில் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"விடியறதுக்குள்ள போயிட்டாருடி. கடைசிவரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாரு..."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற?"

சிடுமூஞ்சி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அங்கே சுவரில் ஒரு கண்ணாடி. அதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது. தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை.

"அண்ணா!" என்று கதற வாயைத் திறந்தாள்.

பெப்பர்மிண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

"வணக்கம்! நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"