ஆடியில் விதைத்த காந்தள்

"எம் மவளத் தூக்குல போட்டுடுவாங்க ஐயா!" ஆரோக்கியம்மாள் சிங்காரவேல் வீட்டு வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

சிங்காரவேல் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவருடைய சிநேகிதர் கம்பவுண்டர் கலியமூர்த்திக்குத் துப்பு என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அன்று அந்தத் தாயைப் பார்த்ததும் அவரே துப்பை மறந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து நீட்டினார். அவள் மருமகன் அருள்நாதன், மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி, நாள்கணக்கில் வாந்தியெடுத்துச் செத்துப்போயிருந்தான். வயிற்றில் காந்தள் கிழங்கின் விஷம். அதே கொடி அவன் குவார்ட்டர்ஸ் வேலியில் பூத்து நிற்கிறது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்? பெண்டாட்டி சகாயம்மாளைப் பிடித்துவிட்டார்கள்.

"அவரு முட்டிவலிக்குப் பத்துப் போடலாம்னு இந்த ஆடியிலதான் வெதை ஊனிச்சி, பாவி மவ!"

அவர்கள் போனபோது ஐப்பசி ஈரத்தில் குவார்ட்டர்ஸ் வேலியோரம் சேறாய்க் கிடந்தது. இடத்தைக் காட்ட அழைத்துவந்த கான்ஸ்டபிள் பக்கத்தில் சகாயம்மாள் கல்லாய் நின்றாள். அருள்நாதனின் தம்பி பாக்கியசாமியும் இருந்தான். மைன்ஸ் வெட்டப்போகிற இடத்தில் முன்கூட்டியே புதர் அழிக்கும் காண்ட்ராக்ட் கூலி அவன்.

"அண்ணி போட்ட வெதைதாங்க. மொளைச்சது, படர்ந்தது, பூத்தது, எல்லாம் தெனம் பாத்துகினுதான இருந்தேன்."

சிங்காரவேல் களைக்கொத்தால் தோண்டினார். பூத்த கொடியோடு விரல் தடிமனில் கிழங்கு வந்தது. கிழங்கின் ஒரு கிளையை யாரோ உடைத்து எடுத்திருந்தார்கள். அதனருகே புல் போலச் சில நாற்றுகள். ஒன்றைப் பிடுங்கினார். அடியில் பயறு அளவுதான் கிழங்கு.

"இதுதான் இவள் விதைத்தது. விதையில் வந்த காந்தள் முதல் வருஷம் பூக்கவே பூக்காது, கிழங்கு திரளவே வருஷக்கணக்காகும். அந்தப் பெரிய கொடி, பழைய கிழங்கோடு காட்டிலிருந்து பெயர்த்து வந்து நட்டது."

"நட்டது யார்?" கலியமூர்த்தி துடித்தார்.

"முளைத்ததிலிருந்து பார்த்தேன் என்று புளுகினவன். புதர்க்காட்டில் கொடிக்கா பஞ்சம்? அண்ணன் செத்து, அண்ணியும் ஜெயிலுக்குப் போனால் அண்ணனின் பெர்மனென்ட் வேலை வாரிசு முறையில் தனக்கு வரும் என்று மனக்கோட்டை கட்டியிருக்கிறான்."

கான்ஸ்டபிள் பாய்ந்து பிடிக்க, பாக்கியசாமி திமிறினான். "எத்தினி வருசம் காண்ட்ராக்ட்லயே சாவறது?" என்று கத்தினான்.

சகாயம்மாள் அவன் முன்னால் வந்து நின்றாள். கலியமூர்த்திக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"வாந்தி எடுக்கறப்பல்லாம் நீதானடா அவரு தலையத் தாங்கிப் புடிச்சிகினு இருந்த. 'தம்பிய வுட்டுடாத சகாயம்'னு உன் மடியிலதான சொன்னாரு. அப்பகூடவாடா உனக்கு மனசு எளகல?"

பாக்கியசாமி திமிறுவதை நிறுத்தினான்.

"எளகிச்சி அண்ணி," என்றான். "அதுக்குள்ள குடுத்துட்டேன்."