அலை வரைந்தவளும் மாங்காய் வரைந்தவளும்

ஆள் சின்னவள். ஆனால் கேள்வி கேட்டால் நறுக்கென்று குத்தும். அதனால் அண்ணன் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தான். வீட்டில் வைத்த பெயர் அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று குண்டூசியின் வகுப்பில் ஒரே அமளி. மறுநாள் ஓவியக் கண்காட்சி. அம்மா, அப்பா எல்லாரும் பார்க்க வருவார்கள். ஆங்கில மிஸ் ஒரு டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஆங்கிலப் பழமொழி இருந்தது.

"படிச்சுப் பாருங்க. மனசுல என்ன தோணுதோ அதை வரைங்க," என்றார் மிஸ்.

குண்டூசிக்கு வந்த பழமொழி, ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிப்பதைப் பற்றியது. அவள் முதலில் கல்லை வரைந்தாள். பிறகு பென்சில் தானாகவே ஒரு மரத்தை வரைந்தது. மரத்தில் இரண்டு மாங்காய்களையும் தொங்கவிட்டது. பறவை பக்கம் அது திரும்பவே இல்லை.

மிஸ் எட்டிப் பார்த்தார். "சீட்டுல பறவைன்னு இருக்கு. நீ மாங்காய் போட்டிருக்கே!"

"பறவை பாவம் மிஸ். அது என்ன பண்ணிச்சு?"

மிஸ் சிரித்துவிட்டார். "சரி விடு. நாம மாங்காய்ன்னுதானே சொல்லுவோம். நல்லாத்தான் இருக்கு."

அடுத்த பெஞ்சில், வகுப்பே 'புதுசு' என்று கூப்பிடும் பெண் உட்கார்ந்திருந்தாள். சீனாவிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தொழிற்சாலையில் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். வகுப்பில் பேசுவது புதுசுக்குப் புரியும். பேசத்தான் மாட்டாள். வந்த முதல் வாரம் ஏதோ ஒரு வார்த்தையைச் சொன்னாள், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஆனால் அவள் வரைந்திருந்த படம்! தாள் முழுக்கக் கடல். மேலே எழுந்து நிற்கும் அலை. அதன் நுரை இதோ மேசையில் சிந்திவிடும் போல இருந்தது.

அவளுடைய சீட்டில் இருந்ததோ, 'நெருப்பில்லாமல் புகை வராது' என்னும் பழமொழி.

வகுப்பிலேயே பெரிய குரல் 'ஒலிபெருக்கி' என்ற பையனுடையது. பட்டப்பெயருக்கு ஏற்ற குரல். அவன் எழுந்து நின்று கத்தினான். "நெருப்பை வரையச் சொன்னா தண்ணியை வரைஞ்சிருக்கா! தீயணைப்பு வண்டியில வேலைக்குச் சேர்த்துக்கலாம்!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

மிஸ் அவனை அதட்டி உட்கார வைத்தார். புதுசுவிடம் மெதுவாகத்தான் பேசினார். "படம் ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா பழமொழிக்குப் பொருந்தலையே. சாப்பிட்டு வந்து வேற வரைஞ்சு குடு. இதைச் சுவர்ல ஒட்ட முடியாது."

புதுசு அழவில்லை. படத்தைச் சுருட்டினாள். வண்ணப் பெட்டியை மூடினாள். "நாளைக்கு நான் வரலை," என்று தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

அது குண்டூசியின் காதில் விழுந்துவிட்டது. எல்லாரையும் குத்துகிற குண்டூசியை அன்று ஏதோ ஒன்று குத்தியது.

'என் சீட்டுல பறவை. நான் மாங்காய் வரைஞ்சேன். யாரும் சிரிக்கலை. அவ சீட்டுல புகை. அவ அலை வரைஞ்சா. எல்லாரும் சிரிச்சோம். ஏன்?'

யோசித்தாள். மாங்காய் எல்லாருக்கும் தெரியும், அலை யாருக்கும் தெரியாது. அவ்வளவுதானே வித்தியாசம்! அப்படியென்றால் அந்த அலைதான் அவளுடைய மாங்காயோ?

மதியம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் புதுசு தனியாக உட்கார்ந்திருந்தாள். குண்டூசி தன் படத்தோடு போய் அருகில் உட்கார்ந்தாள்.

"ஒரு கல். ரெண்டு மாங்காய். எங்க மொழியில இப்படித்தான் சொல்லுவோம். நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

புதுசு படத்தையே பார்த்தாள். பிறகு வில்லை இழுப்பதுபோல் கையை இழுத்துவிட்டாள். வானத்தைக் காட்டி இரண்டு விரல்களை நீட்டினாள். கைகளை அகலமாக விரித்து அசைத்தாள்.

"ஒரு அம்பு... ரெண்டு கழுகா?"

புதுசு தலையாட்டினாள்.

"அப்போ அந்த அலை?"

புதுசு உதட்டைக் குவித்து ஊதினாள். கையை மேலும் கீழும் அலைபோல் ஆட்டினாள். ஊதுவதை நிறுத்தினாள். கையும் நின்றது.

"காத்து இல்லை... அலை இல்லை," என்றாள். "எங்க ஸ்கூல்ல டீச்சர் இங்கிலீஷ் பழமொழி சொல்லுவாங்க. நாங்க எங்க பழமொழி சொல்லணும். இங்கயும் அப்படின்னு நினைச்சேன்."

குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்றில்லாமல் அலையில்லை. நெருப்பில்லாமல் புகையில்லை. இரண்டும் ஒன்றேதான்! இவள் தப்பாக எதையும் வரையவில்லை. சொல்லப்போனால் எல்லாரையும்விட ஒரு படி கூடுதலாக யோசித்திருக்கிறாள்.

"இரு இரு, இன்னொண்ணு கேக்கிறேன்." குண்டூசி ஒரு சாக்குக்கட்டியால் தரையில் கிணறு ஒன்றை வரைந்தாள். அடியில் ஒரு தவளையை உட்கார வைத்தாள். "இதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

புதுசு துள்ளி எழுந்தாள். சாக்குக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். தவளையின் தலைக்கு மேலே, கிணற்று வாய் அளவுக்கு, சின்னதாக ஒரு வட்ட வானத்தை வரைந்தாள்.

"தவளை சொல்லும், வானம் இவ்வளவுதான்!"

குண்டூசிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கேயும் கிணறா? அங்கேயும் தவளையா? எத்தனை மலை, எத்தனை கடல் தாண்டி இருக்கிறது அந்த ஊர்! ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மக்கள், எப்போதோ ஒரு நாள், அங்கே ஒருவரும் இங்கே ஒருவரும், கிணற்றை எட்டிப் பார்த்து இதையேதான் நினைத்திருக்கிறார்கள். உலகம் இவ்வளவு பெரியது என்று இத்தனை நாள் பயந்திருந்தோமே, அது இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எங்க தவளை உங்க கிணத்துக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

புதுசு கொஞ்சம் யோசித்தாள். "எங்க தவளை. உங்க கிணறு," என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிறகு குண்டூசி புதுசுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போய் நின்றாள்.

"மிஸ், என் படத்தையும் ஒட்டாதீங்க."

"ஏம்மா?"

"சீட்டுல பறவைதானே இருந்துச்சு? நானும் தப்பாத்தான் வரைஞ்சேன்."

"நீ வரைஞ்சது நம்ம பழமொழிம்மா."

"இவ வரைஞ்சது இவங்க பழமொழி, மிஸ். காத்து இல்லாம அலை வராதாம்."

மிஸ் புதுசுவின் படத்தை வாங்கி, சுருளை மெல்லப் பிரித்து, வெகுநேரம் பார்த்தார்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. எனக்குத் தோணவே இல்லை," என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா நாளைக்குப் பார்க்க வர்றவங்களும் என்னை மாதிரிதானே முழிப்பாங்க? யாரு எடுத்துச் சொல்றது?"

குண்டூசியின் வாய் திறந்துவிட்டது. அதற்குள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"நான் சொல்றேன்," என்றாள் புதுசு.

மறுநாள் சுவரின் நட்டநடுவில் அலை நின்றது. அதன் அருகில் புதுசு நின்றாள். முதலில் வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாத்தா. படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"புகை எங்கம்மா?"

புதுசுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. குண்டூசிக்கோ நாக்கு துறுதுறுத்தது. நானே சொல்லிவிடட்டுமா? இல்லை, அவள் சொல்லட்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

புதுசு தாத்தாவின் உள்ளங்கையில் 'ஃபூ' என்று ஊதினாள். "காத்து இல்லாம அலை இல்லை, தாத்தா. எங்க பழமொழி."

"அடடே!" தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நெருப்பில்லாம புகையுமாங்கிறதை அங்க இப்படிச் சொல்றாங்களா! இன்னும் இருக்கா? சொல்லும்மா, சொல்லு."

புதுசு கழுகு சொன்னாள். தவளை சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கும் என்று சொன்னாள். "எங்க சுவருக்கும் காது உண்டே!" என்று யாரோ வியந்து கூவினார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போனது. ஒலிபெருக்கி எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "இன்னொரு தடவை ஊது!" என்று தன் கையை நீட்டினான்.

தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்த புதுசுவின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். மகளின் குரலை அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் கேட்பது அதுதான் முதல் முறை. குண்டூசி கூட்டத்தை விலக்கி வழி ஏற்படுத்தினாள். ஆனால் அந்த அம்மா முன்னே வரவில்லை. மகள் சொல்லி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.