இரும்பு குடிக்கும் பருவம்

பனிக்காலத்துத் தண்ணீரில் இரும்பைக் காணோம்.

நேற்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் கருவியின் திரையில், கண்ணாடி வழியே அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இன்று அதே புட்டியின் தண்ணீரை அதே மெல்லிய குழாயில் அனுப்பினால், திரை இரும்பின் அளவு வெறும் சுழி என்று காட்டிவிட்டு, வேறென்ன வேண்டும் என்பதுபோல விழித்துக்கொண்டிருந்தது. கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பு என்ன, தட்டில் மூடிவைத்த பலகாரமா, வீட்டில் யாராவது எடுத்துத் தின்றுவிட?

கடலின் மேல்தண்ணீரை அவள் அறிவாள். பனிக்காலத்துப் புயல்கள் கலக்கும்போது அடியாழத்து இரும்பும் துத்தநாகமும் மேலே வரும். வசந்தம் பிறந்து வெயில் ஏறியதும், கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசிகள் கோடிக்கணக்கில் பெருகி, அத்தனை இரும்பையும் உறிஞ்சிவிடும். ஆகவே வசந்தத்தில் எடுத்த புட்டியில் இரும்பு இல்லையென்றால் நியாயம். பனிக்காலப் புட்டி காலியாவது எந்த ஊர் நியாயம்? அடுத்ததாக இலையுதிர்காலப் புட்டியை அனுப்பிப் பார்த்தாள். அதுவும் சுழி.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சுத்தக்காரி' என்று பெயர். கேலிதான், ஆனால் அந்த அறை அப்படிப்பட்டது. மேசை, அலமாரி, திருகாணி வரைக்கும் பிளாஸ்டிக். கம்மல், ஊக்கு, கைபேசி எல்லாம் கீழே பெட்டியில் பூட்டிவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள் நுழைந்துதான் வர வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் தலைமை ஆய்வாளர் தவறாமல் ஒரு ஜோக் அடிப்பார்: "இந்த ரூம்ல இரும்பு ஒரே இடத்துலதான் இருக்கு, உங்க ரத்தத்துல. தயவுசெய்து சிந்திடாதீங்க!"

அந்த ரத்தமும் அவளிடம் அதிகமில்லை. ஏழாவது மாதம். "உள்ளதையெல்லாம் பிள்ளைக்கு வாரிக் குடுத்துட்டு நீங்க வெறுங்கையா நிக்கிறீங்க" என்று டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்திருந்தார். மசக்கையும் அதற்கேற்ற மசக்கைதான். ஒருநாள் வாசல்கதவுத் தாழ்ப்பாளை அவள் நாக்கால் தொட்டுப் பார்த்ததைக் கணவன் கண்டுவிட்டான். "ஊர்ல எல்லாரும் புளிப்பு கேப்பாங்க, எனக்கு வாய்ச்சவ கதவைக் கேக்குறா" என்று அன்றைக்கெல்லாம் சிரித்தான்.

இன்று காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

அதுதான் அவள் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. சாயந்திரம் கணவன் வந்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, விடுமுறை நாளென்றும் பாராமல் இங்கே வந்தாள். மாடியில் ஈ காக்கை இல்லை. காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் மின்விசிறி மட்டும் கூரையில் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் வலக்கை வயிற்றைத் தடவியது. உள்ளே அசைவில்லை.

வசந்தப் புட்டியைத் திறந்தாள். கடல்நீர் மாதிரிகள் எல்லாவற்றிலும், கப்பலில் தண்ணீர் எடுத்த கையோடு சில துளி ஆசிட் விட்டாக வேண்டும். உயிருள்ளது எதுவும் அதற்குப் பிறகு பிழைக்காது. மூடியைத் திறந்தால் மூக்கைச் சுள்ளென்று குத்தும். வாந்தி வருமென்று பயந்து நேற்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தாள். இன்று மறந்துபோய் மூச்சை இழுத்தாள்.

குத்தவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டால் வாயில் பரவுமே ஒரு வாடை, அதுதான் வந்தது.

இந்த வசந்தத் தண்ணீரை எடுத்தவன் அவள் கணவன். கப்பல் வேலைக்காரன். அந்தப் பயணத்திலிருந்து சுண்ணாம்பாய் வெளுத்துப்போய்த் திரும்பி, வாரக்கணக்கில் படுத்துக்கிடந்தான். "இந்தத் தடவை கடலே சரியில்ல. நங்கூரச் சங்கிலி நூலா இளைச்சுப்போச்சு. எல்லாருக்கும் தலைசுத்தல். ஆசிட் ஊத்தினேனா இல்லையான்னுகூட ஞாபகமில்ல" என்றான். காய்ச்சலில் உளறுகிறான் என்று அவள் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போர்த்திவிட்டாள். இப்போதுதான் நாலைந்து நாளாக அவன் முகத்தில் ரத்தம் ஏறியிருக்கிறது.

போய்விடலாம் என்று தோன்றியது. புட்டியை மூடினாள். உடைமாற்றும் அறைக்கு வந்து வெளிக்கதவின் கைப்பிடியைத் திருகினாள்.

கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருக்க வேண்டிய இரும்புத்தண்டு இல்லை. துருவில்லை, தூளில்லை. அது இருந்த துவாரத்தில் ஈரம் மட்டும் மினுங்கியது. பித்தளைத் தாழ் மட்டும் தன் குழியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்டினாள், உதைத்தாள், காவலாளியைக் கூப்பிட்டாள். காவலாளி இரண்டு மாடிக்குக் கீழே. சுவரோ சத்தத்தை விடாது.

அப்போது கூரையில் மின்விசிறி ஒரு இழுப்பு இழுத்து நின்றது.

எள் விழுந்தால் கேட்கும் அமைதி. அதற்குள்ளே ஒரு சத்தம். சோடாவைத் திறந்து காதருகே வைத்தால் வருமே, அப்படி. விசிறியின் சுவிட்சிலிருந்து. அலமாரியில் வரிசையாக நின்ற புட்டிகளிலிருந்து. அவள் கையில் இருந்த கைப்பிடியிலிருந்து.

கைப்பிடியைக் கீழே போட்டாள்.

பனிக்காலப் புட்டி. இலையுதிர்காலப் புட்டி. கதவு. சுவிட்ச். எல்லாம் நேற்று அவள் தொட்டவை. எல்லாம் வலக்கையால்.

கையுறையைக் கழற்றினாள். நேற்று வலக்கை உறையின் சுட்டுவிரலில் ஒரு பொத்தல் விழுந்திருந்தது. வசந்தப் புட்டியை மூடும்போது உள்ளே ஈரம் பட்டது. சுத்தக்காரி அல்லவா, உறையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் விட்டது அந்த ஒரே ஒருமுறைதான். சுட்டுவிரல் நுனி மெழுகாய் வெளுத்திருந்தது. கிள்ளினாள். வலிக்கவில்லை.

ஆசிட் கேன் இருந்தது! ஓடினாள். வசந்தப் புட்டியில் ஊற்றினாள். பனிக்காலத்தில், இலையுதிர்காலத்தில், சுவிட்சில், கதவுத் துவாரத்தில் ஊற்றினாள். காற்றோட்டமில்லாத அறையில் நெடி தொண்டையை அறுத்தது. இருமிக்கொண்டே ஊற்றினாள். சத்தம் ஒவ்வொன்றாய் அடங்கியது. "சாவு! செத்துத் தொலை!" என்று கத்தினாள். விரலையும் ஆசிட்டில் முக்கி எடுத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சத்தம் நின்றது. முழுக்க அல்ல.

இன்னும் ஓர் இடத்தில் கேட்டது. மிக அருகில்.

குனிந்து பார்த்தாள். வலக்கை, பழக்கதோஷத்தில், வயிற்றின்மேல் இருந்தது. நேற்றும் இருந்தது. நேற்று ராத்திரி முழுக்க இருந்தது.

வயிற்றுக்குள் ஆசிட் ஊற்ற முடியாது.

உடைந்த பிளாஸ்டிக் மூடியால் விரலைக் கீறினாள். ஒரு சொட்டு திரண்டது. கண்ணாடிபோலத் தெளிவாக. ஊற்றுநீர்போல. அதைக் குழாயின் நுனியில் வைத்தாள். ஏன் வைத்தாளோ, இத்தனை வருஷத்துப் பழக்கம். கண்ணாடிக்கு அப்பால் திரை யோசித்தது.

சுழி.

அப்போது பிள்ளை அசைந்தது.

உதைத்தது. ஏழு மாதத்தில் இல்லாத பலம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெற்றவளுக்கு உண்டான சந்தோஷம் எல்லாம் அவளுக்கு வந்தது. "என் ராஜா" என்றாள்.

வெளிக்கதவில் தட்டல். அவள் உடைமாற்றும் அறைக்கு ஓடினாள்.

"சுத்தக்காரி! உள்ளதான் இருக்கியா? என்ன இது, கைப்பிடி சும்மா சுத்துது?"

"என்னங்க..."

"நேரமாச்சுன்னு தேடி வந்தேன். பயப்படாத. காவலாளி அண்ணன் கடப்பாரை குடுத்திருக்கார். தள்ளி நில்லு. பிள்ளை அசைஞ்சுதா?"

"அசையுதுங்க."

"அப்பாடா! இப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு."

கடப்பாரை நுனி கதவிடுக்கில் நுழைந்து அதைக் கையகலம் விரித்தது. பிள்ளை அந்தப் பக்கம் புரண்டது. மொத்த வயிறும் கதவை நோக்கிக் கூம்பியது. அவள் பின்னால் போக நினைத்தாள். கால்கள் முன்னால் போயின. கடப்பாரை நுனி இளைத்தது. ஊசியானது. இல்லாமல் போனது.

"அட, இதென்னடி கூத்து? இரு, கையை விட்டு நெம்புறேன்."

திறக்காதீங்க. போயிடுங்க. சொல்ல வேண்டும். வாய் திறக்க முடியவில்லை. வாய் நிறைய எச்சில்.

இடுக்கில் அவன் கை வந்தது. சூடான கை. நரம்பு புடைத்த, ரத்தம் ஏறிய கை. அவளைத் தேடித் துழாவியது.

"எங்க இருக்க? கையைக் குடு."

அவள் வெளுத்த இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டாள்.