மூடுபனி ஏறும் பக்கம்

காலை எட்டு மணி. பதுளையில் ஒரு பாடசாலை. லீலாதேவி டீச்சர் விடைத்தாளோடு துணை அதிபர் ராமாமிர்தத்தின் அறைக்குள் வேகமாக வந்தார்.

"சேர், என்ர விடைக்குறிப்பைக் கௌசிகா களவெடுத்திட்டாள்."

தவணைப் பரீட்சையில் தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணம் கேட்டிருந்தார். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குப் புலவர் தம் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது அது. அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கௌசிகா இப்படி எழுதியிருந்தாள்: 'மத்தியானம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிறது, மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவைத் தேடி.'

லீலாதேவி பரீட்சைக்கு முன்பே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அலுமாரியில் பூட்டிவைத்திருந்த விடைக்குறிப்பிலும் அச்சு அசலாக அதே வரி.

"அலுமாரிச் சாவி?" என்றார் ராமாமிர்தம்.

"என்ர கைப்பையில."

"உறை?"

"நேற்று விடைத்தாள் திருத்தேக்கதான் பிரிச்சனான். ஒட்டு அப்பிடியே இருந்தது."

"வகுப்புல பயிற்சி குடுத்தீங்களா?"

"ஓம். பிள்ளையள் எழுதிற நல்ல உதாரணங்களைப் பேர் சொல்லாமல் எல்லா வகுப்பிலயும் வாசிக்கிறனான். மற்றப் பிள்ளையள் பொறாமைப்படக் கூடாதெல்லே."

"உறையைப் பிரிக்காம எப்படி எடுத்திருப்பா?"

"தெரியாது சேர். ஆனா லயத்துப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு வரி வருமே?"

ராமாமிர்தத்துக்குச் சுருக்கென்றது. அவரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான். இருந்தும் அதைத் தட்டிக்கேட்காமல், கௌசிகாவை அறைக்குக் கூப்பிட்டு, அவள் அம்மாவுக்கும் சொல்லியனுப்பினார்.

பத்து மணிக்குக் கௌசிகாவின் அம்மா சிவசக்தி அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். "அது நான் எழுதுனது சேர்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள் கௌசிகா. சிவசக்தி விஷயத்தைப் பாதி கேட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தெரியாம செஞ்சிருச்சுங்க ஐயா. பள்ளிக்கூடத்த விட்டு மட்டும் நிப்பாட்டிடாதீங்க."

கௌசிகா அம்மாவின் கும்பிட்ட கைகளையே பார்த்தாள்.

ராமாமிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "டீச்சர், இந்த ஊர்ல மூடுபனி எங்கருந்து வருது?"

"மலையில இருந்து இறங்கும்."

"கீழருந்து ஏறி வந்து பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"இந்த அணியில காரணம்தான் கற்பனை. நடக்கிறது கண்ணால பாத்ததா இருக்கணும். பதுளை பள்ளத்துல கெடக்கு. மலை முகட்டுல இருக்கிற லயத்துலதான் மூடுபனி கீழருந்து ஏறி வரும். இது அங்க பொறந்த வரி. நீங்க பேர் சொல்லாம வாசிச்சு வாசிச்சு, கடைசியில உங்களுக்கே யாரோடதுன்னு மறந்துபோச்சு; உங்க வரின்னு நெனச்சு விடைக்குறிப்புல எழுதிட்டீங்க. இங்க திருட்டுப் போனது இந்தப் புள்ளையோட வரி. எடுத்தது நீங்க, டீச்சர்."

லீலாதேவியின் முகம் செத்துப்போயிற்று. "போன தவணை... ஓம். அவளின்ர பயிற்சியிலதான் வாசிச்சனான். என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை."

ராமாமிர்தம் தலைகுனிந்தார். இவ்வளவு துப்புத் துலக்கியவருக்கு, 'லயத்துப் பிள்ளை' என்ற அந்த ஒரு பேச்சைக் காலையிலேயே தட்டிக்கேட்கத் துணிவில்லாமல் போனது வெட்கமாக இருந்தது.

கௌசிகா இருவரையும் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் நம்பலன்னா போகுதும்மா. நீ ஏன்ம்மா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

சிவசக்தியால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.