முதல் பக்கத்தில் கொலைகாரன்

“ஏட்டய்யா, கொலைகாரன் யாருன்னு முதல் பக்கத்துலயே அச்சாயிடுச்சு!”

வாசலில் மூச்சு வாங்க நின்றார் அச்சகக்காரர். ஓய்வுபெற்ற ஏட்டு அந்த மர்ம நாவலைப் புரட்டினார். இருபதாம் அத்தியாயம் முன்னால் நின்றது. பிறகு ஒன்று, இரண்டு என்று மற்றதெல்லாம் ஒழுங்கு.

“அந்த எழுத்தாளரு கடைசி நிமிஷத்துல ஒரு வரி மாத்தச் சொல்லி உயிரை எடுத்தாரு. இப்போ கேஸ் போடுவேங்கிறாரு. எல்லாம் டைப் அடிக்கிற பொண்ணு வேலை. லீவு தரலைன்னு கறுவிக்கிட்டிருந்தா. நாளையிலிருந்து வராதேன்னுட்டேன்.”

“விடாதீங்க மாமா!” என்று துள்ளினான் ஏட்டின் மைத்துனன்.

அச்சகத்தில் அந்தப் பெண் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல். எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து மவுஸ்ல வலப்பக்கம் அமுக்கினா மெனு வரும். அதுல ‘கோர்’னு நானே ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுதிச் சேர்த்திருக்கேன். ஒரே புத்தகமாக்கிடும். இத்தனை நாளா ஒழுங்காத்தானே வந்துச்சு?”

“ஸ்கிரிப்ட் அவளோடது. அப்ப தில்லுமுல்லும் அவளோடதுதான்,” என்றான் மைத்துனன்.

“வாயை மூடுறா. கோர்த்துக் காட்டும்மா.”

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். திரையில் மவுஸின் அம்பை முதல் அத்தியாயத்தின் மேல் வைத்து அமுக்கினாள். வரிசை பிசகவில்லை.

“இப்போ நீங்க,” என்று ஏட்டு அச்சகக்காரரைப் பார்த்தார்.

“நான் எதுக்கு?” அச்சகக்காரர் சிடுசிடுத்தபடி உட்கார்ந்தார். மேலிருந்து கீழே மவுஸை ஒரே இழுப்பாக இழுத்தார். அம்பு கடைசி ஃபைலில் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் அமுக்கினார்.

இருபதாம் அத்தியாயம் முன்னால் வந்து பல்லிளித்தது.

கம்ப்யூட்டர் நம்பக்கூடாத ஜந்து. சொன்னதைச் செய்யும், சொல்லாததையும் செய்யும்.

“வேணும்னே கெடுக்கிறவன் மொத்தத்தையும் கலைச்சிருப்பான்,” என்றார் ஏட்டு. “இங்க கடைசி மட்டும் முன்னால வந்திருக்கு. அம்பு எது மேல நிக்குதோ, அதைத்தான் மெஷின் முதல்ல தூக்கிக் குடுக்குது. ஒரு வரி மாத்துனதும் திரும்பக் கோர்த்தது யாரு?”

அச்சகக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “அவ சாப்பிடப் போயிருந்தா... அவசரம்...”

“பக்கத்தைப் புரட்டிப் பார்த்தீங்களா?”

“யாருய்யா பார்க்கிறா! எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால வந்த வினை.”

“அப்ப நாளையிலிருந்து வராதேன்னு அதுகிட்டச் சொல்லியிருக்கலாமே?”

அந்தப் பெண் பையைத் தரையில் வைத்தாள்.

“முதல்ல என் நாற்காலியை விட்டு எழுந்திரிங்க சார். இனிமே இந்த மவுஸைத் தொடாதீங்க.”

அவர் எழுந்தார்.