ஒரே வரியில் வந்த கேள்வி

"என் பதிவைத் தினமும் யாரோ பாக்குறாங்க சார். ஆனா ஒருத்தரும் போன் பண்ணல" என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள்.

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பியைத் தேடி, காணாமல் போனோர் பதிவகத்தில் விவரம் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பதிவை எவர் பார்த்தாலும் அவளுக்குத் தகவல் வரும். அதன்பின் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாளாம். பார்ப்பது அவன்தானா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

துப்பறிவாளர் பதிவகத்துக்குக் கிளம்பினார். 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த உதவியாளரும் பின்னாலேயே ஓடினாள். அங்கே டேட்டாபேஸைக் கவனிக்கும் தாடிக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அது புரோகிராம் சார். பதிவுகளைத் தானாச் சரிபாக்கும்."

"பாவம் அந்தம்மா. கேஸ் முடிஞ்சுது" என்று எழுந்தாள் அவசரம்.

"உக்காரும்மா. ட்ரேஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் துப்பறிவாளர். டேட்டாபேஸுக்குள் வந்து போகும் ஒவ்வொரு கேள்வியின் தடமும் அதில் இருக்கும். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு அவசரத்தின் பக்கம் திரும்பினார்.

"புரோகிராம் கேக்கிறது முன்னாடியே தயார் பண்ணின கேள்வி. பேரு வர்ற இடத்தைக் காலியா விட்டு ஒரே தடவை கொடுத்து வைக்கும். அப்புறம் பேரை மட்டும் பொருத்திப் பொருத்தி ஓட்டும். இங்க பாரு, மத்ததெல்லாம் அப்படித் தனித்தனிப் படியா இருக்கு. ஆனா இந்தக் கேள்வி, பேரும் உள்ளேயே இருக்க, ஒரே வரியா வந்திருக்கு. தினமும் புதுசா. இது கையால தட்டினது."

"யாரு தட்டினது?" என்றாள் அவசரம்.

துப்பறிவாளர் தாடிக்காரரைப் பார்த்தார். "கையால தட்ட இங்க யாருக்கு அனுமதி சார்?"

"எனக்கு மட்டுந்தான்" என்றார் தாடிக்காரர். குரல் இறங்கியிருந்தது.

"கேட்டது போட்டோவை இல்ல, போன் நம்பரை இல்ல. நிலைங்கிற ஒரே கட்டம். அக்கா இன்னும் தேடுறாங்களா, விட்டுட்டாங்களா. துப்புக் கிடைச்சவன் நம்பரைக் கேப்பான். வேடிக்கை பாக்கிறவன் போட்டோவைக் கேப்பான். இன்னும் தேடுறாங்களான்னு மட்டும் கேக்கிறவன், தேடப்படுறவன்தான்."

தாடிக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை ஏக்கத்தை அந்த ஒரு கட்டத்துக்குள் அடைத்து வைத்திருந்தாரோ, விசும்பலை அடக்க முடியவில்லை.

"தினமும் பயந்துக்கிட்டேதான் பாப்பேன் சார். தேடுறதை விட்டிருப்பாங்களோன்னு."

"பாத்தா அவங்களுக்குத் தகவல் போகும்னு தெரியாதா?"

"தெரியும்" என்றார் அவர். "போகட்டும்னுதான்."

துப்பறிவாளர் அக்காவின் எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தார். முதல் மணி முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.